தெப்பக்குளத்தில் ஒரு தப்புச் சுற்று

கொழும்பில் கடலோடு வளர்ந்தவனைப் பிடித்து, "செட்டிநாட்டுக்குப் போய் நீந்திக் காட்டிவிட்டு வா" என்று அனுப்பினால் அவன் என்ன நினைப்பான்? என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம். காலையிலும் மாலையிலும் கடல். நூறு கெஜப் போட்டியில் கொழும்பில் என்னை முந்துவதற்கு ஆள் கிடையாது. 'ஃப்ரீ ஸ்டைல்' என்று அந்தப் போட்டிக்குப் பெயர். அவரவர் இஷ்டப்படி நீந்தலாம் என்று அர்த்தம். ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு, கைகளை மாற்றி மாற்றி வீசி, எல்லோரும் ஒரே மாதிரிதான் நீந்துவோம். இஷ்டம்போல் செய்யலாம் என்று மனிதர்களை விட்டுவிட்டால் அவர்கள் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

பம்பாயில் பெரிய போட்டி ஒன்று வந்தது. எங்கள் நீச்சல் சங்கத்தார் என் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். வழிச்செலவைப் பற்றிக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேறு வேலை வந்துவிட்டது. அந்த வருஷம் போகாவிட்டால் பிறகு போகவே முடியாது என்பது எனக்குத் தெரியும். கால்களில் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அத்தோடு அப்பா எனக்குப் பெண் நிச்சயம் செய்திருந்தார். பெண்ணின் தகப்பனார் வெற்றிலை பாக்கு மாற்றிய கையோடு, "மாப்பிள்ளை இனிமேல் தண்ணீரில் விளையாடுவதை விட்டுவிட வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் செட்டியார் வந்தார். கொழும்பில் கடை வைத்திருந்தவர். எங்கள் துறைமுக அலுவலகத்துக்கு அடிக்கடி வருவார். கடற்கரையில் காற்று வாங்கும்போது நான் நீந்துவதைப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, பம்பாய்க்கு நான் அனுப்புறேன்" என்றார். "ஆனா ஊர்ல ஆச்சி சரின்னு சொல்லணும். கொழும்புல கடை என்னுது. தர்மம் எதுக்குச் செய்யிறது, எதுக்குச் செய்யக் கூடாதுங்கிறதெல்லாம் அவுக பொறுப்பு. நீங்க ஒரு எட்டுப் போயி நீந்திக் காமிச்சிட்டு வந்துருங்க."

ஆச்சி என்றால் அவருடைய மனைவி. ஒரு எட்டு என்றால் கப்பலும் அதற்குப் பிறகு ரயிலும். பம்பாய்க்குப் போகும் ஆசை என்னைக் கழுத்தைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டது.

ரயிலில் எதிர்ப் பலகையில் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளைச் சேவிக்கப் போகும் ஒரு தம்பதி. அந்த மனிதருக்கு அடுத்தவர் சமாசாரம் தெரியாவிட்டால் பொழுது போகாது போலிருந்தது.

"தம்பிக்கு என்ன சோலி?"

"நீச்சல்."

"நீந்தி எந்த ஊருக்குப் போவீக?"

"எந்த ஊருக்கும் போவதில்லை. அக்கரையைத் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "இந்தா, தம்பிக்குப் புளிச்சோறு எடுத்துக் குடு. பாவம்" என்றார்.

புளிச்சோறு பிரமாதமாக இருந்தது. பாவப்பட்டவனாக இருப்பதிலும் லாபம் உண்டு.

காரைக்குடி ஸ்டேஷனில் செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை காத்திருந்தார். கையில் இருந்த குடையைத் தவிர உடம்பில் கனமான வஸ்து ஒன்றும் இல்லாத மனிதர். "ஆச்சி உங்களக் கார்ல கூட்டியாரச் சொன்னாக" என்று பெருமையாகச் சொல்லி வெளியே அழைத்துப் போனார். கறுப்பு வர்ணத்தில் பளபளவென்று பெரிய மோட்டார் கார் நின்றது. அதன் முன்னால் நுகத்தடியில் இரண்டு மாடுகள் பூட்டியிருந்தன.

"இது என்ன?" என்றேன்.

"இஞ்சின் கோளாறு. சாமான் மதராஸ்ல இருந்து வரணும்" என்றார் கணக்கப்பிள்ளை. "ஆச்சி கார்ல கூட்டியாரச் சொன்னாக. அது ஓடணும்னு சொல்லலையே."

இப்படியாக நான் மெத்தை ஆசனத்தில் சாய்ந்துகொண்டு, மாட்டின் வாலைப் பார்த்தபடி, மோட்டாரில் பயணம் செய்தேன். பள்ளத்தூர் தாண்டியதும் ஒரு மாடு படுத்துவிட்டது. எழுப்பி நிறுத்துவதற்குள் எதிரே வந்த கூண்டுவண்டிக்காரன் ஹாரனை அடித்துப் பார்க்க ஆசைப்பட்டு அடித்துவிட்டான். அதைக் கேட்டு இரண்டு மாடுகளும் எடுத்த ஓட்டத்தில், மீதி வழியை நாங்கள் மோட்டார் வேகத்திலேயே கடந்தோம். கணக்கப்பிள்ளையின் குடை மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

செட்டியார் வீட்டுக்கு வாசற்கதவு ஒரு தெருவில் இருந்தது; பின்கதவு அடுத்த தெருவில் இருந்தது. கொழும்பில் எங்கள் வீட்டில் நான் கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் அண்டை வீட்டுச் சுவர் இடிக்கும். இங்கே முதற்கட்டைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் எதற்காகப் போகிறோம் என்பது மறந்துவிடுகிறது. இத்தனை பெரிய வீட்டில் தண்ணீர் இருந்த இடம் ஒரு சின்னக் கிணறும் அண்டாக்களும்தான்.

ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அரக்குக் கண்டாங்கிச் சேலை. நான் அங்கே இருந்த நாட்களில் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கை மிளகாய் ஆய்ந்துகொண்டே இருக்கும். வாய் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

"வாங்க தம்பி. கடல் தாண்டி வந்திருக்கீக. மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

வெள்ளைப் பணியாரம் வந்தது. காரச் சட்னி வந்தது. கந்தரப்பம் வந்தது. போதும் என்று கையால் இலையை மறைத்தால் கையின் மேலேயே வைத்தார்கள். கொழும்பில் விடிந்ததும் ஒரு துண்டுப் பாண் ரொட்டியும் தேநீருமாகக் கடலுக்குப் போகிறவன் நான். தண்ணீர் கொடுத்த வெள்ளிச் செம்பில் ஏதோ எழுத்துகள் வெட்டியிருந்தன. பணியாரம் வந்த தட்டைப் பார்த்தேன்; அதிலும் அதே எழுத்துகள். கரண்டியிலும் இருந்தன.

"எங்க வீட்டு விலாசம்" என்றார் ஆச்சி. "விசேஷத்துக்குச் சாமான் ஊரெல்லாம் இரவல் போகும். எழுத்து இருந்தா எங்க போனாலும் வீடு வந்து சேந்துரும்."

பிறகு விசாரணை தொடங்கியது.

"அதென்ன தம்பி, ஏதோ ஒரு போட்டின்னு இவுக எழுதியிருந்தாக?"

"ஃப்ரீ ஸ்டைல், ஆச்சி. இஷ்டப்படி நீந்தலாம் என்று அர்த்தம்."

"எம்புட்டுத் தூரம்?"

"நூறு கெஜம்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு நிமிஷம். அதற்கு மேல் சில விநாடி."

"அதுக்கப்புறம்?"

"அவ்வளவுதான்."

மிளகாய் ஆய்ந்த கை முதல்முறையாக நின்றது. "ஒரு நிமிஷம் நீந்துறதுக்கா பம்பாய் வரைக்கும் ரயில்ல போறீக?" என்றார். "சரி, அங்குட்டுப் போயி அந்தக் கரையில இருந்து எதையாச்சும் எடுத்தாருவீகளா?"

"இல்லை. தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்."

"வெறுங்கையோடவா?"

பத்து வருஷமாக நீந்துகிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவுடன் எனக்கே என் பிழைப்பு கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றியது. ஆச்சி மறுபடி மிளகாயை எடுத்தார். "வெள்ளிக்கிழமை தெப்பக்குளத்துல நீந்திக் காட்டுங்க. தெப்பத் திருவிழாவுக்குக் கட்டுன தண்ணி அப்படியே கெடக்கு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் இந்தப் பணியாரத்தைக் கரைத்தாக வேண்டும். மறுநாள் காலையில் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் தேடிப் புறப்பட்டேன்.

ஊர்க்கோடியில் கண்கொள்ளாத காட்சி. சதுரமாக, நான்கு பக்கமும் கல்லால் கட்டி, கண்ணாடி போல ஒரு நீர்நிலை. அலை கிடையாது, பாசி கிடையாது. சொர்க்கத்தில் நீச்சல் போட்டி நடந்தால் இங்கேதான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி, படியில் இறங்கி, வலது காலை வைத்தேன்.

காலை என்றா சொன்னேன்? கட்டைவிரலைத்தான் வைத்தேன்.

"ஏய்! யாரப்பா அது!" என்று ஒரு குரல். குடத்தோடு வந்த பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே சமயத்தில் அலறினார்கள். ஒரு காவல்காரர் கம்போடு ஓடி வந்தார். "குடிக்கிற தண்ணியில கால விடுறீகளே! கண்ணு தெரியலையா? ஊருணி, சாமி, ஊருணி!"

மழைத் தண்ணீரைப் பிடித்து வருஷம் முழுக்க ஊரே குடிக்கிற இடம் அது. அதில் யாரும் கால் நனைக்கக் கூடாது. குடத்தால் மொண்டுகொண்டு போக வேண்டும். எனக்கு எப்படித் தெரியும்? கொழும்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு விடுவிடென்று திரும்பினேன். எனக்கு முன்னால் செய்தி வீடு வந்து சேர்ந்திருந்தது. வருகிற வழியில் அது கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

"தம்பி, ஊருணியில குதிச்சுச் சோப்புப் போட்டுக் குளிச்சீகளாமே?" என்றார் கணக்கப்பிள்ளை.

"கட்டைவிரல் ஐயா, கட்டைவிரல்!"

"அந்த விரலுக்கு மட்டுந்தான் சோப்பா?"

அன்று சாயங்காலம் கண்மாய்க்குப் போனேன். வயலுக்குத் திறந்து விட்டதுபோக மிச்சத் தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. குப்புறப் படுத்து இரண்டு கை வீசியதில் நெஞ்சு முழுக்கச் சேறு. எருமை ஒன்று பக்கத்தில் படுத்திருந்தது. அது என்னைவிட நன்றாக மிதந்தது. மறுநாள் ஒரு கமலைக் கிணற்றில் இறங்கினேன். நீளவாக்கில் நான்கு கை போட்டால் எதிர்ச்சுவரில் தலை முட்டும். முட்டியது. மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "இறைச்சு முடிச்சிர்றேன், அப்புறம் நடந்தே போகலாம்" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாடு. ஒரு வேளைக்குக் கோழி, ஒரு வேளைக்கு நண்டு, நடுவில் சீயம், பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியில் தேங்காயும் சர்க்கரையும் போட்டு ஓர் இனிப்பு. "இம்புட்டு ஒல்லியா இருந்தா தண்ணியில எப்படி நிப்பீக?" என்பது ஆச்சியின் கட்சி. வெள்ளிக்கிழமை காலையில் என் கம்பளி நீச்சலுடையை மாட்டிக்கொள்ள மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

தெப்பக்குளத்துப் படிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். "ஊருணியில சோப்புப் போட்டாரே, அந்தத் தம்பிதான்" என்று எனக்கு அறிமுகமும் நடந்தது. என் உடையைப் பார்த்த ஆச்சி, "என்ன தம்பி, பாதியிலேயே துணி தீந்து போச்சா?" என்று கேட்டு ஒரு வேட்டியைக் கொடுத்தனுப்பினார். தண்ணீர் விளிம்பு வரைக்கும் வேட்டி, பிறகு நீச்சலுடை என்று சமாதானம் ஆயிற்று.

குளத்தின் நடுவில் ஒரு மண்டபம். போன வாரம்தான் சாமி தெப்பத்தில் அதைச் சுற்றி வந்திருந்தார். ஆச்சி கையைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் படியில இருந்து போயி, மண்டபத்தச் சுத்திக்கிட்டு இங்குட்டே வந்துருங்க."

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று ஆச்சி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் மிதவையைச் சுற்றும்போது அது எப்போதும் எங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். என் கைகால்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பாய்ந்தேன். மூன்று நாளாகத் தண்ணீர் கிடைக்காத கோபமெல்லாம் கையில் வந்துவிட்டது. மண்டபம் நெருங்கியது. அதை இடப்பக்கம் விட்டுத் திரும்பினேன். உடனே படிகளிலிருந்து பெரிய ஆரவாரம். மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் காதில் விழுந்தது. கொழும்பில்கூட எனக்காக இப்படி யாரும் கத்தியதில்லை. சிலர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. இன்னும் வேகமாகப் போனேன். என் வாழ்நாளிலேயே அத்தனை வேகமாக நான் நீந்தியதில்லை.

படியைத் தொட்டு, தலையை நிமிர்த்தி, சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில் குருக்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடமால்ல சுத்திப்புட்டாரு!" என்றது ஒரு குரல்.

"சாமியே போன வாரம் வலமாத்தான வந்தாக! இவரு என்ன சாமிக்கு மேலயா?"

சாமியை வலம் வருகிறபோது சந்நிதி நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். கோயிலில் நான் தப்பாகச் சுற்றியது கிடையாது. தண்ணீருக்குள்ளும் கோயில் உண்டு என்பதுதான் தெரியாமல் போயிற்று. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "வேகத்தைப் பார்த்தீர்களா?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். "எங்க தம்பி பாக்குறது? நீங்க போன தெசையத்தானே எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். பம்பாய் போச்சு என்று மனசு சொல்லிவிட்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

இதற்குப் பரிகாரம் என்ன என்று பேச்சு தொடங்கியது. மூன்று சுற்று வலமாக வந்தால் போதும் என்றார் குருக்கள். மூன்று எப்படிப் போதும், ஒன்பது என்றார் ஒருவர். ஏலம் போல ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் எல்லோரும் ஆச்சியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"நூத்தெட்டு" என்றார் ஆச்சி. "கடல் தாண்டி வந்தவுக. கொறச்சுச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

என்னை மரியாதையாகக் கொல்வது என்று தீர்மானித்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை ஓடிப்போய் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தார். ஆச்சி படியில் உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு கொட்டையாக நகர்த்த ஆரம்பித்தார். நான் மறுபடி தண்ணீரில் இறங்கினேன்.

முதல் பத்துச் சுற்றை ரோஷத்தில் போட்டேன். அடுத்த இருபதில் ரோஷம் தீர்ந்து, காலையில் தின்ற பணியாரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன்னை நினைவூட்டியது. கூட்டத்தில் பாதி சாப்பிடப் போய்விட்டது. நாற்பதைத் தாண்டும்போது சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, "இன்னுமா?" என்று கேட்டது. கணக்கப்பிள்ளை எண்ணிக்கையைப் பெருமாள் கோயில் கட்டியக்காரர் மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல்தான் முதலில் கட்டிப்போயிற்று.

அறுபதுக்கு மேல் ஏதோ ஒன்று நடந்தது. கை தானாகப் போயிற்று, மூச்சு தானாக வந்தது. முந்துவதற்கு ஆள் இல்லை, புறப்படச் சொல்லும் துப்பாக்கிச் சத்தம் இல்லை. வலக்கைப் பக்கம் மண்டபத்தின் கல், அதற்குப் பிறகு படி, படியில் அரக்குச் சேலை, மறுபடி கல். பத்து வருஷமாக நான் தண்ணீரில் அவசரப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்றுதான் நீந்தினேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

நூற்றெட்டு முடிந்தது. எண்ணிக்கையில் ஒன்று விட்டுப் போயிருக்கலாம் என்று கணக்கப்பிள்ளை சைகையால் சந்தேகம் கிளப்பியதால் இன்னொன்றும் போட்டேன். படியேறியதும் ஆச்சியே துண்டை நீட்டினார்.

"நிக்காம நீந்துறீக" என்றார். குரல் மாறியிருந்தது. "இத எதுக்குத் தம்பி மொதல்லயே சொல்லல? ஒரு நிமிஷம்னு சொல்லிக்கிட்டு இருந்தீக. பம்பாயில இந்த மாதிரி நீள ஓட்டம் உண்டா?"

"கடலில் ஒரு மைல் போட்டி இருக்கிறது, ஆச்சி. அதுவும் ஃப்ரீ ஸ்டைல்தான்."

"அதுல சேருங்க. ஒரு நிமிஷம் நீந்துனாலும் ஒரு மைல் நீந்துனாலும் ரயிலுக்கு ஒரே டிக்கெட்டுதானே?"

இந்த நியாயத்துக்கு எதிர்நியாயம் எந்த நீச்சல் சங்கத்திடமும் இல்லை. நான் நீளப் போட்டிக்காரன் ஆனது இப்படித்தான்.

பம்பாயைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அங்கே காரம் இல்லாத பருப்பைத் தின்று நாக்கு செத்துவிட்டது. போட்டி துறைமுகத்தில் நடந்தது. தூரத்தில் ஒரே ஒரு மிதவை. போய், அதை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றி, திரும்ப வேண்டும். புறப்படுமுன் வெள்ளைக்கார அதிகாரி இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன்.

பாதித் தூரத்தில் முன்னால் போய்விட்டேன். மிதவையை நெருங்கும்போது எனக்குப் பின்னால் ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. சொன்னபடி அதை இடக்கைப் பக்கம் விட்டுத் திரும்பினேன். மிதவைக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் படகு ஒன்று நின்றது. அதிலிருந்து பெரிய ஆரவாரம் கிளம்பியது. சிலர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்கள்.

இந்தக் கூச்சலை நான் கேட்டிருக்கிறேன். இப்படிக் கையாட்டியதையும் பார்த்திருக்கிறேன். மிதவை எந்தப் பக்கம் இருக்கிறது? இடப்பக்கம்! ஐயோ, மறுபடியுமா!

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. திரும்பிப் போய், மிதவையை வலக்கைப் பக்கம் விட்டு, பக்தியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். எதிரே வந்த இரண்டாவது ஆள் என்னோடு நெற்றிக்கு நெற்றி மோதிக்கொள்ளப் பார்த்து, என்னவோ திட்டினான். படகில் இருந்தவர்கள் வாயடைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மௌனம் எனக்குத் தைரியமாக இருந்தது. இனிச் சரியாகிவிட்டது என்று கரையைப் பார்த்து வீசினேன். அப்படியும் முதலில் கரையைத் தொட்டவன் நான்தான்.

பெயர்களைப் படித்தார்கள். என் பெயர் வரவில்லை. அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ சரியாகத்தானே சுற்றினாய்? உன்னை உற்சாகப்படுத்தத்தானே அவர்கள் கத்தினார்கள்? பிறகு ஏன் திரும்பிப் போய்த் தலைகீழாகச் சுற்றிக் கெடுத்துக்கொண்டாய்?" என்று கேட்டார். தெப்பக்குளத்தை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? "பழக்கம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது ஆச்சியைப் பார்க்காமல் கப்பல் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனம் கேட்கவில்லை. இந்தத் தடவை கார் ஓடியது. மாடுகள் பின்னால் வந்தன, ஒருவேளை தேவைப்பட்டால் என்று. ஆச்சி முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கரையத் தொட்டது யாரு?"

"நான்தான் ஆச்சி. ஆனால்..."

"கடைசியா எந்தப் பக்கமாச் சுத்துனீக?"

"வலமாக."

"அப்புறம் என்ன? இஷ்டப்படி நீந்துறதுன்னு நீங்கதானே சொன்னீக?"

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளிச் செம்பு. முதல் நாள் நான் தண்ணீர் குடித்த செம்பு, அதே எழுத்துகள். "வெறுங்கையோட ஊருக்குப் போகாதீக" என்று என்னிடம் நீட்டினார். பம்பாயில் வராத அழுகை அந்த முற்றத்தில் வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை பதறினார். "ஆச்சி, விலாசம் வெட்டுன சாமான் இது. இதப் போயி வெளிய குடுத்தா..."

"குடுக்கலையே. இரவல்தான்" என்றார் ஆச்சி. "அடுத்த வருசம் தெப்பம் முடிஞ்சதும் தம்பி கொண்டாந்து தரட்டும். வந்ததோட வந்ததா நூத்தெட்டும் சுத்திட்டு, மறுபடி எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

கொழும்பில் பெண் வீட்டாருக்கு விஷயம் தெரிந்து, வருங்கால மாமனார் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீச்சலை விட்டாயிற்றா இல்லையா என்று கேட்டார். நான் செம்பை எடுத்து முன்னால் வைத்து, தெப்பக்குளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நூற்றெட்டுச் சுற்று வலம் வருவதாகச் சாமிக்கு ஒப்புக்கொண்டிருப்பதையும், அதற்கு வருஷம் முழுக்கக் கடலில் பழகாவிட்டால் நடுக்குளத்தில் மூச்சு முட்டிவிடும் என்பதையும் சொன்னேன். அவர் செம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அதை முதலிலேயே சொல்லக் கூடாதா, மாப்பிள்ளை?" என்றார். "சாமி காரியம். காலையில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து போங்கள்."